பழைய கண்டி வீதியும் எமது கடனும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியரிடம் எதிர்பார்க்கத் தக்கது இலக்கியக் கட்டுரையே என்பதை நாம் அறியாமலில்லை. கம்பனைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருப்பின் அவர்களும் மகிழ்ந்திருப்பர், எமக்கும் எளிதாயிருந்திருக்கும். ஆயினும், சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வரக்காப்பொலைக்கு அணித்தே நாம் கண்ட சிறு காட்சியொன்று எம் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. ஆதலின் இம்முறை கல்லையும் மண்ணையும் பற்றி எழுதத் துணிந்தோம். அன்பர்கள் பொறுத்தருள்க.

நாம் பாடசாலைக்குச் செல்லும் வழியிலே, பெருவீதியை நேராக்கிய காலத்திற் கைவிடப்பட்ட பழைய வளைவு ஒன்று உண்டு. இரு மருங்கும் புல் மண்டிக் கிடக்கும் அவ்வளைவின் அடியில் ஒரு கருங்கல் மதகு இருந்தது. செதுக்கிய கற்களை வில்லென வளைத்து அடுக்கி, நடுவிலே சற்றுப் பெரிய கல்லொன்றை இறுக்கிக் கட்டிய மதகு அது. ஐந்து வயதுக் குழந்தை குனியாமல் உள்ளே நுழையலாம். மழை பெய்யுங்கால் மாணவர் சிலர் அதன் மேல் நின்று கடதாசிக் கப்பல் விடுவர். ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மதகைக் காணோம். அவ்விடத்திலே கொங்கிறீற்றுக் குழாயொன்று கிடந்தது; செதுக்கிய கற்கள் ஓரத்திலே குவிக்கப்பட்டிருந்தன. மண்வெட்டியுடன் நின்ற தொழிலாளரிடம், "இந்தக் கற்கள் எங்கே போகின்றன, தம்பி?" என வினவினோம். "யாரோ மதில் கட்டக் கேட்டிருக்காங்க சேர். பழைய கல்லுதானே" என்றார் அவர்.

அவர்மீது குறை கூறுதற்கில்லை. பழைய கல்லுத்தான். எத்துணைப் பழையது, எவர் கை பட்டது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாமே. ஐயாண்டுகளாக அவ்வழியே நடந்தும் ஒரு மாணவனுக்கேனும் அதனைச் சுட்டிக் காட்டினோமா என்று எண்ணிப் பார்த்தோம். இல்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு முதற் காரணம்.

பழம் பாதை என்றவுடன் படித்தவர் நினைவுக்கு வருவோர் உரோமரே. கி.மு. 312இல் தொடங்கப்பெற்ற அப்பியன் பெருவழியின் கற்றளத்திலே இன்றும் மக்கள் நடக்கின்றனர். 2024இல் உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. அடியிலே பெருங்கல், அதன் மேற் சிறுகல், அதன் மேற் சரளை, நடு உயர்ந்து ஓரந் தாழ்ந்த மேற்பரப்பு, இரு மருங்கும் நீரோடும் கால்வாய் என அவர்கள் அமைத்த முறையை இன்றைய எஞ்சினியரும் வியப்பர். பாதை கெடுவதற்கு முதற் பகை நீரே என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

இங்கிலாந்தின் வட பகுதியிலே, யோக்‌ஷயர் மேட்டு நிலத்தில், வீல்டேல் என்னுமிடத்தில் ஒரு கற்பாதை புதர்களின் நடுவே கிடக்கின்றது. ஒரு மைலுக்கு மேல் நீளும் அதனை உரோமர் பாதையென்றே நெடுங்காலம் எண்ணினர். இப்பொழுது ஆராய்ச்சியாளருட் சிலர், அஃது உரோமர் காலத்துக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்ட எல்லை வரம்பாகவும் இருக்கலாம் என்கின்றனர். ஊர்மக்களோ இவ்விரண்டையும் கொள்ளார். வேடு என்னும் அரக்கன் ஒருவன், தன் மனைவி மேட்டு நிலத்துக்குச் சென்று பசுவிற் பால் கறந்து வருதற்காக அமைத்துக் கொடுத்த பாதை அஃது என்பதே அவர்கள் கதை. எமக்கு இக்கதை மிகவும் பிடிக்கும். கல் சுமந்த மனிதரின் பெயர் மறைந்த இடத்தில் அரக்கனொருவன் வந்து குடியேறி விடுகின்றான். ஆயினும், கதை எதுவாயினும், அந்த ஒரு மைற் கல்லை அந்நாட்டார் பெயர்த்து மதில் கட்டாது விட்டனர். பாதை கண்முன் கிடப்பதனாலேயே, அது யாருடையது என்ற வழக்கும் தொடர்ந்து நடைபெற முடிகின்றது.

தமிழர்க்கும் இத்துறையிற் பெருமை உண்டு. எம் மொழியில் 'ஆறு' என்னுஞ் சொல்லுக்கு வழி என்பதும் பொருள். ஆற்றுப்படை என ஓர் இலக்கிய வகையே எழுந்தது. அதர், நெறி, பெருவழி என வழிக்குப் பெயர்கள் பல. சொல்லோடு நின்றுவிடவில்லை. தருமபுரிப் பகுதியிலே கிடைத்த அதியமான் பெருவழியின் காதக்கல் ஒன்றில், நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்பது எழுத்திலும் எண்ணிலும் பொறிக்கப்பட்டிருப்பதோடு, பெருங்குழி இரண்டும் சிறுகுழி ஒன்பதுமாகத் தோண்டியுங் காட்டப்பட்டுள்ளது. எழுத்தறியாத வண்டிக்காரனும் விரலால் தடவித் தூரம் அறிந்து கொள்ளலாம். கல்வெட்டிய அம்மனிதனை நினைக்குந்தோறும் எமக்குக் கை கூப்பத் தோன்றும். கோயம்புத்தூருக்கு அண்மையிலே பாலைக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் இராசகேசரிப் பெருவழிக்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. கொங்கு நாட்டில் உரோமர் நாணயங்கள் புதையல் புதையலாகக் கிடைத்தமையும் யாவரும் அறிந்ததே.

எமது ஈழநாட்டிலும் உரோமர் காசுகள் மலிந்து கிடைத்துள. ஆயினும் உரோமர் இங்கே பாதை அமைத்தாரல்லர். கப்பலில் வந்தனர், பண்டம் மாற்றினர், போயினர். எம் மலைநாட்டிலே, உரோமர் பாதையைப் போலப் படையை நடத்துதற்கென்றே பேரரசு ஒன்று வெட்டிய பெருவழி எதுவென்று வினவின், அது நாம் நாள்தோறும் பஸ்ஸிற் செல்லும் கண்டி வீதியே. கொழும்பிலிருந்து கண்டி வரை 72 மைல். வரக்காப்பொல அதன் இடைவழியிலே, ஏறக்குறைய 35ஆம் மைலில், கலப்பேயும் அக்கலாவும் விற்கும் தின்பண்டக் கடைகளோடு நிற்கின்றது. பயணிகள் பஸ்ஸை நிறுத்தித் தின்பண்டம் வாங்குவர். வீதியை ஒருவரும் பாரார்.

வீதி தோன்றுமுன் இருந்த நிலைமையை முதலிற் கூறுதல் வேண்டும். கண்டி மன்னர் தம் நாட்டுக்கு நல்வழி அமைக்க விரும்பினாரல்லர். காடும் கணவாயும் ஒற்றையடிப் பாதையுமே அவர்தம் அரண். கண்டி இராச்சியத்தில் இருபது ஆண்டளவு சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், இடுக்கான வழிகளிலே முட்கதவு இட்டுக் காவலர் நின்றமையை விரித்துரைக்கின்றார். கொழும்பை அடுத்த கடவத்தை என்னும் ஊர்ப்பெயரிலும் காவல் வாயில் என்னும் பொருள் இன்றளவும் உறைகின்றது. இவ்வழிகளை நம்பி மலையேறிய போர்த்துக்கீசர் படை 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் அழிந்தது. 1803இல் ஆங்கிலேயர் படைக்கும் அதே கதி. 1815இல் கண்டிப் பிரதானிகளுடன் உடன்படிக்கை செய்து நாட்டைக் கைக்கொண்ட பின்னரும், 1817-18இல் ஊவாவிலே எழுந்த கிளர்ச்சி, பாதையில்லாத நாட்டை ஆளுதல் அரிதென ஆங்கிலேயருக்கு உணர்த்திற்று.

அதன் விளைவே கண்டி வீதி. 1820இல் பதில் தேசாதிபதியாகவும், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் இருந்த சேர் எட்வேட் பாண்ஸ் என்பவர் இவ்வேலையைத் தலைமேற் கொண்டார். இந்நாட்டுக்கு வேண்டுவன யாவையென வினவியோர்க்கு 'வீதி' என்பதையே மும்முறை விடையாகக் கூறினார் என்பர். வழியை வகுத்தவர் கப்டன் டோசன் என்னும் படை எஞ்சினியர். வேலையை நடத்தியோருள் ஒருவர், இருபது வயதும் நிரம்பாத தோமஸ் ஸ்கின்னர். வீதி வேலை இன்னதென்று அறியாத அவ்விளைஞரிடம், அவரைப் போலவே அவ்வேலையை அறியாத இருநூறு கண்டி நாட்டாரை ஒப்படைத்தனர். ஸ்கின்னர் பின்னாளில் இலங்கை வீதிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியாகி, 1867இல் ஓய்வு பெற்றார். அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு, அவர் மறைந்தபின் 1891இல் வெளிவந்தது. படிக்கச் சுவையான நூல்தான். ஆயினும் அந்த இருநூறு பேருள் ஒருவரேனும் எழுதிய நூல் எமக்குக் கிடைக்கவில்லை.

கடுகண்ணாவைக் கணவாயிலே பாறையைக் குடைந்து வழி அமைத்தனர். மலையை ஊடுருவி வழி செய்பவனே இந்நாட்டை வெல்வான் என்றொரு வாக்குக் கண்டி மக்களிடையே வழங்கியது என்றும், அது பலித்தது என்றும் கூறுவர். இன்று வீதி அப்பாறைக்கு வெளியே சுற்றிச் செல்கின்றது. குடைந்த வாயிலும் அதனூடு செல்லும் பழைய வழித்துண்டும் பக்கத்திலே கிடக்கின்றன. 1832இல் குதிரை பூட்டிய தபால் வண்டி கொழும்புக்கும் கண்டிக்குமிடையே ஓடத் தொடங்கிற்று. 1833இல் பேராதனையில் மகாவலி கங்கைக்கு மேலாக முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் திறக்கப்பட்டது. எழுபதாண்டுகளுக்கு மேல் நின்று 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடங்கொடுத்தது. மாவனல்லையில் மகா ஓயாவின் மேல் நிற்கும் செங்கல் வளைவுப் பாலம் மட்டும் அக்காலத்தது. கொள்கலன் ஏற்றிய லொறிகளையும் தாங்கிக்கொண்டு இன்னும் நிற்கின்றது. அதைக் கட்டியோர் லொறியைக் கனவிலும் கண்டிரார்.

அம்பேபுஸ்ஸ வாடிவீடும் இவ்வீதியோடு பிறந்ததே. 1820களில் எழுந்த அவ்வில்லம், இந்நாட்டு வாடிவீடுகளுள் மூத்ததெனப் போற்றப்படுகின்றது. குருணாகல் செல்வோரும் கண்டி செல்வோரும் பிரியும் சந்தி அது. 1865இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட புகைவண்டிப் பாதையும் முதலில் அம்பேபுஸ்ஸ வரையே வந்தது. 1867இல் கண்டியை அடைந்தது. வீதியால் வந்த செல்வத்தோடு வீதியால் வந்த கள்வரும் உண்டு. உத்துவன்கந்தைக் குன்றிலிருந்து வண்டிகளைக் கொள்ளையிட்ட சரதியேல் 1864இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டான். எம் மாணவரிடம் பாண்ஸ் யாரென்று கேட்டால் விழிப்பர். சரதியேலைப் பற்றிக் கேட்டால் கதை கதையாகச் சொல்வர். அரக்கன் வேடுவின் கதை இங்கேயும் நடைபெறுகின்றது.

இனி, எம் கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். கடுகண்ணாவையிலே வெள்ளைக் கோபுரம் ஒன்று வானளாவ நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். 1829இல் இறந்த கப்டன் டோசனுக்கு 1832இல் எடுத்த நினைவுச் சின்னம் அது. அவருடைய அறிவும் திறமையும் இவ்வீதியை ஆக்கின என்று அதன் கல் கூறுகின்றது. உண்மையே; அதனை மறுத்தல் நன்றியின்மையாகும். ஆயினும் அறிவும் திறமையும் பாறையைப் பிளவா. பிளந்தவை கைகள்.

அக்கைகள் எவருடையவை? இங்கே எம்மவர் பலரிடம் நிலவும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியவராகின்றோம். தோட்டப் பகுதிகளிலே நிகழும் கூட்டங்களில், கண்டி வீதியை வெட்டியவர்கள் எம் முன்னோரே என்று கைதட்டலுக்கிடையே பேசுவோரைக் கேட்டிருக்கின்றோம். 1820களிற் கண்டி வீதியைப் பெரும்பாலும் வெட்டியவர்கள் கண்டி நாட்டுச் சிங்களக் குடியானவர்கள். இராசகாரியம் என்னும் பழைய ஊழிய முறையை ஆங்கிலேயர் தமக்கேற்றவாறு திருப்பிக்கொண்டனர். மன்னர் காலத்தில் நிலத்துக்கு ஈடாக ஊர்க் குளத்துக்கும் ஊர்ப் பணிக்கும் செய்த கடமை, தம் ஊரை விட்டுத் தொலைவிலே, காய்ச்சல் மலிந்த காட்டிலே, கூலியின்றிப் பாறையுடைக்கும் கடமையாயிற்று. வயல் தரிசாகக் கிடக்க, உழவன் வீதியிலே கிடந்தான். 1832இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. அதனோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. 1848இல் வந்த வீதிக் கட்டளைச் சட்டம், வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இன்றேல் பணங் கட்டவேண்டும் என்றது. அவ்வாண்டில் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. பிறர் சிந்திய வியர்வையை எமதென்று உரிமை கொண்டாடுதல் எமக்கு வேண்டா. எமது வியர்வைக் கணக்கே போதிய அளவு நீண்டது.

அக்கணக்குத் தொடங்கும் பாதை வேறு. கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட எம் மூதாதையர், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடையாய் நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் பசியும் அவர்களோடு கூட நடந்தன. வழியிலே விழுந்தோர்க்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து, 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்டவர்கள் ஓகத்து மாதத்தில் மாத்தளையை அடைந்தனர். அந்நடையைப் பற்றிப் பத்திரிகையிற் படித்தபொழுது, எம் வீட்டு முதியவர் ஒருவர் கேட்டார்: "அந்த வழியில ஏதாச்சும் இன்னும் இருக்கா? ஒரு அம்பலம், ஒரு கிணறு, ஒரு மதகு?" விடை சொல்லத் தெரியாமல் நின்றோம்.

பின்னர் பொதுவேலைப் பகுதியின் வீதிகளிலும் எம்மவர் பெருந்தொகையாய் உழைத்தனர். தோட்டத்துக்குள்ளே லயத்திலிருந்து தொழிற்சாலைக்கும் தொழிற்சாலையிலிருந்து பெருவீதிக்கும் செல்லும் பாதைகளுக்கு அவர்களே கல்லுடைத்தனர். எம் பாட்டனார் அவர்களுள் ஒருவர். ஓவசியரின் கீழ்ச் சல்லியுடைத்து, மரப்பெட்டியிலே கொட்டி அளந்து, பெட்டிக்கு இவ்வளவென்று கூலி வாங்கியவர். பெட்டி நிறைந்தபின் ஓவசியர் அதனைக் காலால் உதைத்து ஒருமுறை குலுக்குவாராம், சல்லி அடங்கி ஓரங்குலம் இறங்கும், மறுபடி நிரப்பவேண்டும். "அந்த ஓரங்குலத்துலதான் என் ஆயுசு போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பாட்டியாரின் இடக்கண்ணிலே கற்சில்லு பட்ட தழும்பு இருந்தது. வீதியில் மைற்கல்லைக் கண்டால் பாட்டனார் அதனைக் 'கட்டை' என்றே சொல்வார். எந்த ஊரையும் கட்டைக் கணக்கிலேயே அறிவார். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குக் கல்லிற் பொறித்த ஆங்கில எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும். அதியமான் பெருவழியிலே குழிகளைத் தடவிய வண்டிக்காரன் எமக்கு அந்நியனல்லன்.

இப்பொழுது சட்டத்தை நோக்குவோம். இந்நாட்டுத் தொன்மைச் சின்னங்களைக் காப்பது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம். அது தொன்மைக்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. அவ்வெல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி உடன்படிக்கை ஒப்பமிட்ட நாள். அந்நாளுக்கு முற்பட்ட கட்டடம் தொன்மையானது, பிற்பட்டது அவ்வாறன்று. பிற்பட்டவற்றையும் தனித்தனியே தெரிந்தெடுத்துப் பிரகடனஞ் செய்து காக்க வழி உண்டு என்பது மெய்யே. ஆயினும் எவரேனும் அதனை அறிந்து, விரும்பி, விண்ணப்பித்தாலன்றோ அது நிகழும்? கோபுரத்துக்காகப் பேச ஆள் உண்டு. புதருக்குள்ளே கிடக்கும் மதகுக்காகப் பேச எவர் உளர்?

அன்பர்கள் இதனைச் சற்றே ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். கண்டி வீதி அந்த எல்லைக்கு ஐந்தாண்டு பிற்பட்டது. மன்னார் முதல் மாத்தளை வரை எம்மவர் நடந்த நடை அவ்வெல்லைக்குப் பிற்பட்டது. கோப்பித் தோட்டம் பிற்பட்டது, லயம் பிற்பட்டது, தோட்டத்துக் கோயிலும் மாடசாமிக் கல்லும் பிற்பட்டன. அந்தத் தேதிக்கு முன் மலைநாட்டிலே எமக்கு வரலாறில்லை. அதற்குப் பின் உள்ளது யாவும் சட்டத்தின் கண்ணுக்குத் தொன்மையல்ல. இதனை எவரும் வஞ்சகமாகச் செய்தாரென நாம் கூறவில்லை. 1940இல் அச்சட்டத்தை இயற்றியோர்க்கு 1820 என்பது பாட்டன் காலம். எமக்கோ அஃது இருநூறாண்டு. எல்லைக்கல்லை நட்ட இடத்திலேயே விட்டுவிட்டோம். காலம் அதனைத் தாண்டி நெடுந்தூரம் நடந்துவிட்டது. தனித்தனிப் பிரகடனத்துக்குக் காத்திராமல், நூறாண்டு கடந்த பொதுவேலைகளாகிய பாலம், மதகு, மைற்கல், அம்பலம், லயம் ஆகியவற்றை உடைக்குமுன் பதிவு செய்தே ஆகவேண்டும் என்னும் விதி வேண்டும் என்பது எம் கருத்து. காத்தல் இயலாதெனின் அளந்து, படமெடுத்து, எழுதி வைத்தபின் உடைக்கட்டும்.

இதற்கு மறுப்பு இருவகையில் எழும். அடிமைத்தனத்தின் சின்னங்களை ஏன் போற்றவேண்டும் என்பர் சிலர். எம்மோடு பணியாற்றும் சிங்கள ஆசிரியர் ஒருவர், தம் மூதாதையரை மாடுகளைப் போல் வேலை வாங்கிய வீதியின் மதகுக்காகத் தாம் ஏன் கண்ணீர் வடிக்கவேண்டும் என்று எம்மை நேரிலேயே கேட்டார். நேர்மையான கேள்வி. எனினும், ஐயா, பாண்சும் டோசனும் நூலிலே இருக்கின்றனர், கோபுரத்திலே இருக்கின்றனர். உம் மூதாதையர் வேறெங்கே இருக்கின்றனர்? அவர் உளிபட்ட தடம் அந்த மதகுக் கல்லில்தானே இருந்தது? மதகை உடைத்தால் அழிவது ஆண்டவன் பெயரன்று. இவ்வாறு கூறியபின் அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுவாரம் தம் ஊரிலே உள்ள பழைய அம்பலம் ஒன்றின் படத்தைக் கொண்டு வந்து காட்டினார்.

மற்றொரு சாரார், வீதி அகல வேண்டாவா என்பர். அகலத்தான் வேண்டும். காலையில் வரக்காப்பொல நகரைக் கடக்க பஸ்ஸிலே அரைமணி நேரம் நின்று வியர்த்தவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். மத்திய அதிவேக வீதியின் மீரிகம முதல் குருணாகல் வரையான பகுதி 2022 சனவரியில் திறக்கப்பட்டது; கண்டியை நோக்கிய பகுதிகளும் ஒருநாள் முடியும். அப்பொழுது பழைய வீதிக்குப் பாரம் குறையும். மேலும், 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையிலே மலை சரிந்து உயிர்கள் பலியாகி, கண்டி வீதியும் மூடப்பட்டதை நாம் மறத்தற்கில்லை. மலைச்சரிவில் வழியமைத்தோர் அத்துணை மதகுகளை ஏன் அமைத்தனர் என்று அப்பொழுது பலருக்கு விளங்கியிருக்கும். நீர் போக வழிவிட்ட பின்னரே மனிதர்க்கு வழி. பழைய மதகின் வாய் எங்கே இருந்தது என்று அறிதல் வரலாற்று ஆசிரியனுக்கு மட்டும் வேண்டுவதன்று; எஞ்சினியருக்கும் வேண்டுவதே. கடுகண்ணாவைக்கு அப்பால், கிரிபத்கும்புறையில் வீதிகளுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலை உண்டு. பழைய கல்லுருளைகளையும் நீராவி உருளைகளையும் ஆங்கே காணலாம். அங்கு உருளைகள் காக்கப்பட்டிருப்பதுபோல, வீதியையும் வீதியில் இருந்தவாறே சில இடங்களிலேனும் காத்தல் இயலாத செயலன்று.

எம் கல்லூரியின் பழைய மாணவருள் எஞ்சினியர் உளர், நில அளவையாளர் உளர், சட்டத்தரணிகள் உளர், வீதித் திணைக்களங்களிலே பொறுப்பான பதவி வகிப்போரும் உளர். மண்டபத்துக்கு மின்விசிறியும் விளையாட்டரங்குக்கு வேலியும் அளித்த அவர்தம் கைகள் கொடைக்குப் பின்வாங்கியதில்லை. இம்முறை நாம் கேட்பது பணமன்று. நில அளவையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தருக; சட்டத்தரணி ஒரு விண்ணப்பம் வரைந்து தருக; பதவியிலிருப்போர், மதகொன்றை உடைக்கக் கையொப்பமிடுமுன் எமக்கொரு தொலைபேசி அழைப்புத் தருக. மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம், எந்த வீதியிலே யார் கல்லுடைத்தார், எந்தக் கட்டைக்கு அருகிலே எந்த லயம் இருந்தது என்று கேட்டு எழுதி வருக. பிழை திருத்தும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். சந்திப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டோம் என்றும் உறுதி கூறுகின்றோம்.

உடைத்த மதகின் கற்களுள் ஒன்று இன்று எம் பாடசாலை முற்றத்திலே கிடக்கின்றது. வில்வளைவின் நடுவிலிருந்த பெரிய கல். மதில் கட்டவிருந்தவரிடம் கேட்டோம், தந்துவிட்டார். நால்வர் சேர்ந்து தூக்கி வந்தோம். ஒரு பக்கத்திலே உளித்தடம் சாய்வாக ஓடுகின்றது. எண்ணிப் பார்த்தால் பதினேழு கொத்து. சிறுவர் அதன்மேல் ஏறி இருந்து சோறு உண்கின்றனர்.

வருந் தவணை விடுமுறையின் முதற் சனிக்கிழமை, அம்பேபுஸ்ஸ வாடிவீட்டு வாசலிலிருந்து கேகாலைப் பக்கமாக நடப்பதென எண்ணியுள்ளோம். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. வருவோர் அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டு வருக. அட்டைக்கு உப்பும் எலுமிச்சம் பழமும் நாம் கொண்டு வருவோம்.